வரம்பு கண்ணுக்குத் தெரியட்டும்: வீட்டு இணையமும் ஒப்பந்தத் தமிழும்



மொழி மன்றத்தின் பொதுவுரை என்றால் இலக்கியம், இலக்கணம், கலைச்சொல் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், வீட்டு இணையச் சேவைக்கு விதிக்கப்படும் மாதப் பயன்பாட்டு வரம்பு. இணையக் கட்டணத்திற்கும் மொழி மன்றத்திற்கும் என்ன தொடர்பு என்னும் வினா உங்கள் உள்ளத்தில் எழுவது இயல்பே. தொடர்பு உண்டு என்பதை எடுத்துரைப்பதே என் நோக்கம். வீட்டு இணையம் குறித்துப் பயனீட்டாளர் கொள்ளும் மனக்குறையில் ஒரு பாதி கம்பியிலும் கருவியிலும் இருக்கிறது. மறுபாதி சொல்லில் இருக்கிறது. முதற்பாதியைப் பொறியாளரும் அரசும் தீர்க்க வேண்டும். மறுபாதியில் நமக்கும் பொறுப்பு உண்டு.

பயனீட்டாளர் என்னும் சொல்

தமிழ்நாட்டில் ‘நுகர்வோர்’ என்று வழங்கும் சொல்லுக்கு ஈடாக இந்நாட்டில் நாம் ‘பயனீட்டாளர்’ என்கிறோம். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாகத் தமிழிலும் ஏடு வெளியிட்டு, அச்சொல்லை நம் இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. நுகர்வோர் என்பவர் ஒரு பொருளை உண்டு, உடுத்து, துய்ப்பவர். பயனீட்டாளரோ கொடுத்த காசுக்குரிய பயனை ஈட்டுபவர். ஈட்டுதல் என்பதில் உழைப்பும் உண்டு, உரிமையும் உண்டு. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவதற்கு, தாம் எதை வாங்கினோம் என்பது முதலில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அரிசி வாங்குபவருக்கு எத்தனை கிலோ என்பது தெரியும். மின்சாரத்திற்கு மானி உண்டு, தண்ணீருக்கும் உண்டு. இணையத்தை வாங்குபவருக்கு மட்டும் வேகம் என ஓர் எண்ணும், அளவு என மற்றோர் எண்ணும் தரப்படுகின்றன. முதல் எண் விளம்பரப் பலகையில் ஆளுயரத்தில் நிற்கிறது. இரண்டாம் எண் ஒப்பந்தத் தாளின் அடியில் எறும்பெழுத்தில் கிடக்கிறது. இவ்விரண்டு எண்களுக்கும் உள்ள உறவை விளக்கிச் சொல்பவர் எவருமில்லை. ஆகவே அதனைச் சற்று விளக்குகிறேன்.

இரண்டு எண்கள், ஓர் எளிய கணக்கு

வேகத்தை மெகாபிட் கணக்கில் சொல்கிறார்கள். அளவை ஜிகாபைட் கணக்கில் சொல்கிறார்கள். பிட் வேறு, பைட் வேறு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே வினாடிக்கு 30 மெகாபிட் வேகம் என்றால், வினாடிக்கு 3.75 மெகாபைட் வந்து சேரும் என்று பொருள். மாதத்திற்கு 60 ஜிகாபைட் என்று ஒரு திட்டம் வரம்பு விதித்திருந்தால், அந்த முழு வேகத்தில் 16,000 வினாடிகளில் மாதத்திற்குரிய அளவு முழுவதும் தீர்ந்துவிடும். அதாவது 4 மணி 26 நிமிடம். முப்பது நாளைக்கு வாங்கிய பொருள் ஒரு பகற்பொழுதிற்குள் தீரக்கூடியது என்பதை விளம்பரத்தைப் பார்த்து யார் ஊகிக்க இயலும்?

எந்நேரமும் முழு வேகத்தில் எவரும் பயன்படுத்துவதில்லை என்று சொல்லலாம். உண்மைதான். அன்றாட வாழ்க்கையை வைத்தே கணக்கிடுவோம். உயர்தரக் காணொளி ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 3 ஜிகாபைட் எடுத்துக்கொள்ளும் என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்துள்ளது. அக்கணக்கில் 60 ஜிகாபைட் என்பது மாதத்திற்கு இருபது மணி நேரம். நாளொன்றுக்கு நாற்பது நிமிடம். நால்வர் வாழும் வீட்டில் ஆளுக்குப் பத்து நிமிடம். பாட்டி பார்க்கும் நாடகத்தின் ஒரு பகுதியை முழுதாகப் பார்ப்பதற்குக்கூட அது போதாது.

நம் நாட்டு நடப்பு

இந்த எண்களை நான் கற்பனையாக எடுத்துக்கொள்ளவில்லை. மலேசியாவின் அண்மை வரலாற்றில் அவை இருமுறை வந்துள்ளன.

2008 செப்டம்பரில் அதிவேக இணையக் கட்டமைப்புத் திட்டத்திற்கான உடன்பாட்டில் மலேசிய அரசும் டெலிகோம் மலேசியாவும் கையொப்பமிட்டன. 1,130 கோடி வெள்ளி மதிப்புள்ள அத்திட்டத்தில் 240 கோடி வெள்ளி வரை அரசின் பங்கு. அதாவது மக்கள் பணம். அதன் பயனாக 2010 மார்ச்சில் யூனிஃபை கண்ணாடி இழைச் சேவை தொடங்கியது. அதற்கு முன்னர் செப்புக் கம்பிவழி வந்த ஸ்ட்ரீமிக்ஸ் சேவையையே நம்பியிருந்த இல்லங்களுக்கு அது பெரும் முன்னேற்றம். 5, 10, 20 மெகாபிட் என மூன்று வேகங்களில் வந்த இல்லத் திட்டங்களுக்கு முறையே 149, 199, 249 வெள்ளி மாதக் கட்டணம். அவற்றோடு 60, 90, 120 ஜிகாபைட் என மாத வரம்புகளும் அறிவிக்கப்பட்டன. அவ்வரம்புகள் உடனடியாக நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும், புதிய சாலை திறக்கும் நாளிலேயே அதில் இவ்வளவு தொலைவுதான் செல்லலாம் என்ற அறிவிப்பும் இருந்ததைப் பயனீட்டாளர் கவனித்தனர்; முணுமுணுத்தனர்.

எட்டாண்டுகள் கழிந்தன. 2018 ஜூனில் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் கட்டாய விலைத்தர விதி நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் ஒன்றற்கொன்று கட்டமைப்பை வாடகைக்கு விடும் விலை அதனால் குறைந்தது. அன்றைய தொடர்பு பல்லூடக அமைச்சர் கோபிந்த் சிங் டியோ, வேகம் இருமடங்காக வேண்டும், விலை பாதியாக வேண்டும் என்னும் கொள்கையை முன்வைத்தார். பல திட்டங்களின் விலை இறங்கியது, வேகம் ஏறியது. இதை நன்றியோடு நினைவுகூர வேண்டும். அதே ஆண்டில், 4,500 வெள்ளிக்கு மேற்படாத மாத வருமானமுள்ள குடும்பங்களுக்கென 79 வெள்ளியில் ஓர் அடிப்படைத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. வேகம் 30 மெகாபிட் வரை. மாத வரம்பு 60 ஜிகாபைட்.

இந்த இரண்டு அறிவிப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 2010இல் 5 மெகாபிட் வேகத்திற்கு 60 ஜிகாபைட். 2018இல் 30 மெகாபிட் வேகத்திற்கும் அதே 60 ஜிகாபைட். முன்னதில் முழு வேகத்தில் சென்றால் வரம்பைத் தொட 26 மணி 40 நிமிடம் ஆகும். பின்னதில் நான்கரை மணி நேரத்திற்கும் குறைவு. குழாய் ஆறு மடங்கு பருத்தது. தொட்டி அப்படியே இருந்தது. இடைப்பட்ட எட்டாண்டுகளில் காணொளி வழிக் கல்வி, வங்கி, அரசுச் சேவை என எல்லாம் இணையத்திற்கு இடம்பெயர்ந்திருந்தன. வசதி படைத்தவர் கூடுதல் கட்டணம் செலுத்தி வரம்பில்லாத திட்டத்தைப் பெற்றார். வசதி குறைந்தவருக்கென்றே வகுத்த திட்டத்தில் வரம்பு வந்து அமர்ந்தது.

79 வெள்ளித் திட்டம் வந்ததே நன்று. அதற்கு முன் அவ்விலைக்கு அவ்வேகம் கிடைத்ததில்லை. குறைந்த விலைக்குக் குறைந்த அளவு என்பது வணிக முறையில் ஏற்கத்தக்கதே. ஆனால் குறைந்த அளவு என்பதைத் திட்டத்தின் முகப்பில், வேகத்திற்கு இணையான எழுத்தில், வாங்குபவருக்குத் தெரிந்த மொழியில் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவர் தெரிந்து வாங்கியவர் ஆவார்.

ஒரு வீட்டுக்குள் வரம்பு செய்வது

கைப்பேசி இணைப்பு ஒருவருக்கு உரியது. வீட்டு இணைப்பு குடும்பத்திற்கு உரியது. ஆகவே வீட்டு இணைப்பின் மீது விதிக்கப்படும் வரம்பு, குடும்பத்துக்குள் பங்கீட்டுச் சிக்கலாக மாறுகிறது. மாதத்தின் இருபதாம் நாளில் வேகம் குறைந்துவிட்டால், யார் அதிகம் பயன்படுத்தினார் என்ற விசாரணை தொடங்குகிறது. மகன் விளையாட்டை அண்மைப்படுத்தினான் என்பார் தந்தை. தந்தை இரவெல்லாம் பழைய படம் பார்த்தார் என்பான் மகன். உண்மையில் இருவரும் அறியாமல் தொலைக்காட்சிப் பெட்டியோ கணினியோ தானே மென்பொருளைப் பதிவிறக்கியிருக்கலாம். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் ஓசை கேட்கும். இணையத்தின் ஒழுக்கு எவர் காதிலும் விழுவதில்லை.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது இந்நாட்டின் 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளிட்ட பள்ளிகள் யாவும் மூடப்பட்டன. இல்லிருப்புக் கற்றல் என்னும் தொடர் நம் வழக்கில் நுழைந்தது. படத்துடன் நடைபெறும் குழு வகுப்பு, தரத்திற்கேற்ப மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் எடுக்கும். இரண்டு பிள்ளைகள், நாளுக்கு மும்மூன்று மணி நேரம், மாதத்தில் இருபது நாள் என்று கொண்டால் 120 ஜிகாபைட். 60 ஜிகாபைட் வரம்புள்ள வீட்டில் ஒரு பிள்ளை படித்தால் மற்றப் பிள்ளை படிக்க இயலாது; பெற்றோர் எதற்கும் தொடவே முடியாது.

அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து, காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை பயன்படுத்த நாளொன்றுக்கு 1 ஜிகாபைட் இலவசமாகக் கைப்பேசிப் பயனீட்டாளருக்கு வழங்கப்பட்டது. போதுமா, போதாதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த அறிவிப்பின் மொழியைப் பாருங்கள்: எவ்வளவு, எப்போதிலிருந்து எப்போது வரை, என்ன விலை என்பன யாவும் ஒரே வரியில் அடங்கிவிட்டன. வரம்பு இருந்தது, அது கண்ணுக்குத் தெரிந்தது. தாய்மார்கள் அதற்கேற்ப வகுப்பு நேரத்தைத் திட்டமிட முடிந்தது. வெளிப்படையான வரம்போடு மக்கள் வாழக் கற்றுக்கொள்வர் என்பதற்கு இதுவே சான்று.

நிறுவனங்களின் வாதம்

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கேட்பதே முறை. இணைய இணைப்பு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக உலகின் மறுகோடிவரை செல்வதில்லை. தெருவின் இணைப்புகள் ஓரிடத்தில் சேர்கின்றன. ஊரின் இணைப்புகள் மற்றோரிடத்தில் சேர்கின்றன. பின்னர் கடலடிக் கம்பிவழி வெளிநாடு செல்கின்றன. இப்பொதுவழியைப் பலரும் பகிர்கின்றனர். சிலர் மட்டும் அளவுகடந்து பயன்படுத்தினால் பிறர்க்கு வேகம் குறையும். அதைத் தடுக்கவே வரம்பு என்கின்றன நிறுவனங்கள்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் நெரிசல் நேரத்தைப் பொறுத்தது. மாத மொத்தத்தைப் பொறுத்ததன்று. நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை எப்படியிருக்கும் என்பதை நாம் அறிவோம். அந்த நெரிசலைத் தீர்க்க, ஒவ்வொரு வாகனமும் மாதத்திற்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓடலாம் என்று விதித்தால் பயன் விளையுமா? விடியற்காலை மூன்று மணிக்கு வெறிச்சோடிய சாலையில் செல்பவரின் கணக்கும் அல்லவா குறையும்? இரவு எட்டு மணி முதல் பதினொரு மணி வரை எல்லா வீடுகளும் திரையின் முன் அமர்கின்றன. வழி அடைபடுவது அப்போதுதான். மாத வரம்பு அந்நேரத்தையும் நள்ளிரவையும் ஒன்றாகவே எண்ணுகிறது.

இதற்கு அமெரிக்காவின் பட்டறிவு துணைநிற்கிறது. அந்நாட்டின் பெரும் இணைய நிறுவனமான காம்காஸ்ட், 2008க்கு முன்னர் மிகுதியாகப் பயன்படுத்துவோரை எச்சரித்தது. சிலரின் இணைப்பைத் துண்டித்தும் வந்தது. ஆனால் எவ்வளவு பயன்படுத்தினால் மிகுதி என்னும் எண்ணை மட்டும் வெளியிடவில்லை. வாடிக்கையாளரின் சினம் அதனாலேயே மிகுந்தது. 2008 அக்டோபரில் 250 ஜிகாபைட் என்று எண்ணை வெளியிட்டது. பின்னாளில் அது பல பகுதிகளில் 1,000 ஜிகாபைட், 1,200 ஜிகாபைட் என உயர்ந்தது. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவி, மக்கள் யாவரும் வீட்டிலிருந்தே பணிபுரியத் தொடங்கியபோது, அதே நிறுவனம் சில மாதங்களுக்கு வரம்பை நிறுத்திவைத்தது. கட்டமைப்பின் மேல் சுமை மிகக் கூடியிருந்த காலம் அது. வரம்பின்றியும் கட்டமைப்பு தாங்கியது. அப்படியாயின் மாத வரம்பு நெரிசலைத் தடுக்கும் கருவியா, விலையை அடுக்கடுக்காகப் பிரிக்கும் கருவியா என்று பயனீட்டாளர் கேட்பதில் தவறில்லை. 2024 அக்டோபரில் அந்நாட்டுக் கூட்டரசுத் தொடர்பு ஆணையமும் இத்தகைய வரம்புகள் குறித்து முறையான விசாரணையைத் தொடங்கியது.

மூன்று சொற்கள்

இனி மொழியின் பக்கம் வருவோம். மனக்குறையின் மறுபாதி சொல்லில் இருக்கிறது என்றேன். மூன்று சொற்களை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது ‘அளவற்ற’ என்பது. ‘அற்ற’ என்னும் சொல் தமிழில் முழுமையான இன்மையைச் சொல்வது. பழுதற்ற மணி என்றால் அதில் ஒரு கீறலும் இருத்தலாகாது. ஐயமற்ற தீர்ப்பு என்றால் ஒரு துளி ஐயமும் எஞ்சக்கூடாது. அளவற்ற இணையம் என்று தலைப்பிட்டுவிட்டு, குறிப்பிட்ட அளவைக் கடந்தபின் வேகம் குறைக்கப்படும் என்று அடியில் எழுதுவது, அந்த ‘அற்ற’ என்னும் சொல்லுக்கு இழைக்கும் தீங்கு. அத்தகைய திட்டத்திற்கு ‘அளவு தீர்ந்தபின் வேகம் குறையும் திட்டம்’ என்று பெயரிட்டால் சற்று நீளும், பொய் சொல்லாது.

இரண்டாவது ‘நியாயப் பயன்பாடு’. நியாயம் என்பது இருதரப்பையும் கேட்டபின் நடுநிலையாளர் உரைப்பது. இங்கோ, விற்பவரே வரம்பை வகுக்கிறார்; விற்பவரே அதற்கு நியாயம் என்று பெயரும் இடுகிறார். அவ்வெண்ணைத் தாண்டியவர் அந்தப் பெயராலேயே நியாயம் தவறியவர் ஆகிவிடுகிறார். ஐந்து பேர் வாழும் வீட்டில் பிள்ளைகள் படித்து, பெற்றோர் பணிபுரிந்து, முதியவர் தொலைவிலுள்ள பேரனின் முகம் பார்த்துப் பேசி, அதனால் எண் கூடினால் அவர்கள் செய்த அநியாயம் என்ன? கட்டணத்தை ஒழுங்காகச் செலுத்தியவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் சொல் இது. ‘பயன்பாட்டு வரம்பு’ என்று நேராகச் சொல்வதே தகும்.

மூன்றாவது ‘வரை’ என்னும் சிறு சொல். 30 மெகாபிட் வரை, 100 மெகாபிட் வரை என்று விளம்பரம் செய்கிறார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் இதற்குரிய சொல் எண்ணுக்கு முன்னே வருகிறது. படிப்பவர் அதைக் கடந்துதான் எண்ணை அடைய வேண்டும். தமிழில் அது எண்ணுக்குப் பின்னே வருகிறது. பெரிய எண்ணைக் கண்ட கண் அங்கேயே நின்றுவிடும்; பின்னால் ஒட்டிய சிறிய ‘வரை’யைக் காணாது. ஆகவே தமிழ் விளம்பரத்தில் ‘அதிகபட்சம் 30 மெகாபிட்’ என்று முன்னே வைத்து எழுதுவதே நேர்மை. அதனினும் மேலானது, மாலை நேரத்தில் வழக்கமாகக் கிடைக்கும் வேகம் இவ்வளவு என்று சேர்த்து எழுதுவது.

இம்மூன்று சொற்களின் நடுவே, நம் முன்னோர் தந்த நல்ல சொல் ஒன்று இருக்கிறது. அதுதான் ‘வரம்பு’. வயலுக்கும் வயலுக்கும் இடையே உயர்த்திக் கட்டிய மண்மேடு வரம்பு. வரப்பு என்றும் வழங்கும். இருபக்கத்து உழவர்க்கும் அது தெரியும். அதன்மேல் இருவரும் நடப்பர். அதனால் நீரும் நிற்கும், உறவும் நிற்கும். நீருக்கடியில் மறைந்த வரம்பினால் பூசலே விளையும். வரம்பே கூடாது என்று நான் வாதிடவில்லை. வரம்பு இருந்தால் அது வரம்பாகவே, கண்ணுக்குத் தெரிவதாகவே இருக்கட்டும் என்கிறேன்.

சட்டம் சொல்வது

இந்நாட்டுச் சட்டம் இவ்வகையில் வாய்மூடி இருக்கவில்லை. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின்கீழ், பயனீட்டாளர் முறையீடுகளுக்கென மலேசியத் தொடர்பு பல்லூடகப் பயனீட்டாளர் மன்றம் 2001இல் அமைந்தது. முதலில் சேவை நிறுவனத்திடம் முறையிட வேண்டும். அங்குத் தீர்வு கிடைக்காவிடில் அம்மன்றத்தை நாடலாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி, நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றிய தனிப்பகுதி சேர்க்கப்பட்டது. ஓர் ஒப்பந்தம் நியாயமாகச் செய்யப்பட்டதா என்று எடைபோடும்போது, அது பொடி எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளதா, படித்துப் புரிந்துகொள்ளக் கடினமாக உள்ளதா என்பதையும் நீதிமன்றம் கருதலாம் என்று அப்பகுதி கூறுகிறது. எழுத்தின் அளவும் நடையின் தெளிவும் சட்டத்தின் பார்வைக்கு வந்துவிட்டன என்பது மொழி ஆர்வலர்கள் மகிழத்தக்க செய்தி.

அண்டை நாடான சிங்கப்பூரில், இணையப் போக்குவரத்தை நிறுவனங்கள் எவ்வாறு மேலாளுகின்றன, அதனால் பயனீட்டாளருக்கு என்ன விளைவு என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று அந்நாட்டுத் தகவல் தொடர்பு மேம்பாட்டு ஆணையம் 2011இல் முடிவெடுத்தது. அமெரிக்காவில் 2024 ஏப்ரலில் மேலும் ஒருபடி சென்றனர். உணவுப் பொட்டலத்தில் ஊட்டச்சத்து அட்டவணை இருப்பதுபோல், ஒவ்வோர் இணையத் திட்டத்திற்கும் ஒரு விவரச்சீட்டு இருக்க வேண்டும் என்னும் விதி பெருநிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்தது. மாதக் கட்டணம், ஒப்பந்தக் காலம், வழக்கமான வேகம், கட்டணத்தில் அடங்கும் அளவு, அதற்குமேல் பயன்படுத்தினால் செலுத்த வேண்டிய தொகை ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

அவ்விதியில் மொழி மன்றத்தினராகிய நாம் கருத்தூன்ற வேண்டிய ஒரு கூறு உண்டு. நிறுவனம் எந்த மொழியில் தன் சேவையை விளம்பரப்படுத்துகிறதோ, அந்த மொழியிலும் விவரச்சீட்டைத் தர வேண்டும் என்பதே அது. விற்பதற்கு ஒரு மொழி, விதியைச் சொல்வதற்கு வேறொரு மொழி என்னும் வழக்கத்துக்கு அது முற்றுப்புள்ளி வைக்கிறது.

நம் நிலையை எண்ணிப் பார்ப்போம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நிறுவனங்கள் நமக்குத் தமிழில் வாழ்த்துச் சொல்கின்றன. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தமிழில் அழைக்கின்றன. அதை வரவேற்கிறோம். ஆனால் கையொப்பமிடும் தாள் நம் முன் வரும்போது தமிழ் மறைந்துவிடுகிறது. தோட்டப்புறத்தில் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தி, இன்று நகர்ப்புற அடுக்ககத்தில் பிள்ளைகளோடு வாழும் முதியவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்கள் வாழ்த்தைத் தமிழில் பெறுகிறார்கள். வரம்பைத் தமிழில் பெறுவதில்லை. இணைப்புக்குரிய ஒப்பந்தத்தில் கையொப்பமிடுபவர் அவர். இடையில் விலகினால் அபராதம் செலுத்த வேண்டியவரும் அவரே. மொழியின் உரிமை என்பது மேடையிலும் விழாவிலும் மட்டும் காக்கப்படுவதன்று. இந்தத் தாளிலும் காக்கப்பட வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

குறையை எடுத்துரைத்ததோடு நின்றால் உரை முழுமையுறாது. நம்மால் இயலும் மூன்று பணிகளை முன்வைக்கிறேன்.

முதற்பணி, சொற்களை ஒருமைப்படுத்துவது. ‘அகலக்கற்றை’ என்கிறார் ஒருவர். ‘அகன்ற அலைவரிசை’ என்கிறார் மற்றொருவர். ‘பிராட்பேண்ட்’ என்றே எழுதுகிறது ஒரு நாளேடு. ஒப்பந்த நடைக்கு எளிமையே முதன்மை. ‘வீட்டு இணையம்’ என்றால் எவருக்கும் புரியும். ‘தரவு ஒதுக்கீடு’ என்பதைவிட ‘மாத அளவு’ என்பது பாட்டிக்கும் விளங்கும். ‘மெகாபிட்’, ‘ஜிகாபைட்’ ஆகியவை உலகெங்கும் வழங்கும் அளவைப் பெயர்கள். அவற்றைப் பெயர்க்காமல் அப்படியே ஆள்வோம். ஆசிரியர்களும் செய்தியாளர்களும் சேர்ந்து இருபது சொற்களை முடிவுசெய்தால் போதும். அவை ஒரு தாளில் அடங்கும்.

இரண்டாம் பணி, அச்சொற்களைக் கொண்டு ஒரு பக்க விவரச்சீட்டு ஒன்றைத் தமிழில் வடிப்பது. வரி உட்பட மாதக் கட்டணம் எவ்வளவு? ஒப்பந்தம் எத்தனை மாதம். இடையில் விலகினால் எவ்வளவு செலுத்த வேண்டும்? மாலை நேரத்தில் வழக்கமாகக் கிடைக்கும் வேகம் எவ்வளவு? மாத அளவு உண்டா, உண்டெனில் எவ்வளவு? அது தீர்ந்தபின் இணைப்பு நிற்குமா, வேகம் குறையுமா, கட்டணம் கூடுமா? மீதமுள்ள அளவை எங்கே பார்க்கலாம்? குறை இருந்தால் யாரிடம் முறையிடலாம்? இந்த வினாக்களுக்கு விடையெழுதும் இடத்தை வெற்றாக விட்டு, அச்சீட்டை நிறுவனங்களிடமும் ஆணையத்திடமும் முறைப்படி அளிக்கலாம். அவர்கள் ஏற்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. விற்பனையாளர் வாயிலுக்கு வரும்போது அச்சீட்டை நீட்டி, இதை நிரப்பித் தாருங்கள் என்று கேட்கும் உரிமை இன்றும் நமக்கு உண்டு.

மூன்றாம் பணி, இளைஞர்களுக்குரியது. தமிழ்ப்பள்ளியிலும் இடைநிலைப்பள்ளியிலும் கட்டுரை, கடிதம் என்று பயிற்சி அளிக்கிறோம். ஒரு வகுப்பில், வீட்டு இணைய ஒப்பந்தம் ஒன்றை எடுத்துத் தாத்தாவுக்குப் புரியும் தமிழில் எழுதச் சொல்லிப் பாருங்கள். மற்றொரு வகுப்பில், சேவை நிறுவனத்திற்கு முறையீட்டுக் கடிதம் எழுதச் செய்யுங்கள்: எந்த நாளில் என்ன நடந்தது, ஒப்பந்தத்தில் என்ன இருந்தது, என்ன தீர்வு வேண்டும் என்று மூன்றே பத்தியில். சினத்தை அடக்கிச் செய்தியைத் தெளிவாகச் சொல்லும் உரைநடை, மொழிப்பயிற்சியின் உயர்ந்த நிலைகளுள் ஒன்று. அது வீட்டுக்கும் பயன்படும். நாளை அவர்கள் செய்யும் தொழிலுக்கும் பயன்படும்.

அன்பர்களே, தொழில்நுட்பம் மாறிக்கொண்டே இருக்கும். இன்று 60 ஜிகாபைட் சிறிதெனத் தோன்றுகிறது. நாளை 600 ஜிகாபைட்டும் அவ்வாறே தோன்றலாம். கண்ணாடி இழை எல்லா வீடுகளையும் எட்டி, மாத வரம்பென்பதே மறையும் காலமும் வரலாம். அப்போது வேறு சேவை வரும். அதற்கும் ஒரு பெரிய எண்ணும் ஒரு சிறிய எழுத்தும் இருக்கும். ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்டு, தமிழில் படித்து, தமிழில் வினவும் பழக்கத்தை இன்று உண்டாக்கிவிட்டோமெனில், அப்பழக்கம் எல்லாச் சேவைகளுக்கும் துணைநிற்கும். வாங்கும் இடத்திலும் வழக்காடும் இடத்திலும் பயன்படும் மொழியே மக்கள் வாழ்வோடு ஒன்றி வளரும்.

ஆகவே அடுத்த முறை உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ ஓர் இணைய ஒப்பந்தம் கையொப்பத்திற்கு வரும்போது, வேகத்தைக் கேட்ட கையோடு மாத அளவையும் கேளுங்கள். விடையை எழுத்தில் வாங்குங்கள். படிக்க இயலாதவர்க்கு உடனிருந்து படித்துச் சொல்லுங்கள்.